மருத மரத்தைவிட்டு இறங்கியவள்

பறவைகள் நம்மைப்போல வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவி மரத்தில்தான் குடியிருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள். இன்றைக்கு அதை ஒரு கிளையில் பார்த்தேன் என்று சொல்ல ஆளில்லை. பொட்டலிலும் கண்மாய்க் கரையிலும் நெட்டைக் காலை வைத்து ஓடிக்கொண்டிருக்கும். யாராவது அந்தப் பக்கம் போனால் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். சரளைக் கல்லுக்கு நடுவே, அடியில் ஒரு துரும்புகூட இல்லாமல், வெட்டவெளியில் முட்டையிடும். ஏன் இப்படி ஆனது என்றால் அது துக்கமான கதை. சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கலாம். சிரித்துக்கொண்டே முடிக்க முடியாது.

தெற்கே ஒரு கண்மாய். அதன் கரையில் பெரிய மருத மரம் ஒன்று. அதன் உச்சிக் கிளையில் ஆள்காட்டி இருந்தாள். கண்மாயில் மேய்கிற பறவைகளுக்கெல்லாம் அவள்தான் காவல். யாரும் அவளைக் காவலுக்கு வைக்கவில்லை. அவளுக்குக் கண் கூர்மை, வாய் பெரிசு, அவ்வளவுதான்.

ஆனால் அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. தூரத்தில் என்ன அசைந்தாலும் உடனே கத்தமாட்டாள். முதலில் இறங்கிப் போவாள். கிட்டே போய்ப் பார்ப்பாள். கட்டை என்றால் பேசாமல் திரும்பிவிடுவாள். ஆபத்து என்றால்தான் குரல் கொடுப்பாள். ஒரு தடவை கொடுத்தால் போதும், வாயில் பிடித்த மீனைத் துப்பிவிட்டு அத்தனை பறவையும் ஒன்றாக எழும்பும். ஏன், என்ன என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஒரு தடவை எருமை ஒன்று மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தது. எருமைக்கு யார் பயப்படுவார்கள்? எல்லோரும் மேய்ந்துகொண்டிருந்தார்கள். ஆள்காட்டி மட்டும் இறங்கி, புல்லுயரத்துக்குத் தாழப் பறந்துபோய்ப் பார்த்தாள். எருமைக்கு ஆறு கால் இருந்தது. பின்னால் ஒளிந்து ஒரு வலைக்காரன் வந்துகொண்டிருந்தான். அவள் கத்திய கத்தலில் கண்மாயே காலியாகிவிட்டது. அன்றைக்குத் தப்பித்ததில் ஒன்று, முட்டையைவிட்டு வெளியே வந்து நாலே நாள் ஆன முக்குளிப்பான் குஞ்சு. பின்னால் வளர்ந்து பெரியவளானபோது அவளை எல்லோரும் முக்குளிச்சி என்று கூப்பிட்டார்கள். கோழிக்குஞ்சு அளவே இருப்பாள், சதா முங்கி முங்கி எழுவாள். தண்ணீரைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆள்காட்டியை, "அக்கா, நீ மட்டும் அன்னிக்குப் பாக்கலன்னா நான் ஏது?" என்று பார்க்கிறபோதெல்லாம் சொல்லுவாள்.

அந்தக் கண்மாய்க்கு ஒரு தலைவர் இருந்தார். கூழைக்கடாப் பெரியவர். மருத மரத்தின் முதல் கவட்டையில் ஒரு கோரைத் தட்டை, அதாவது காய்ந்த கோரைத் தண்டு, செருகியிருக்கும். அந்தத் தட்டைக்குப் பக்கத்தில் யார் உட்காருகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் கண்மாய்க்குள் சட்டம். மீறினால் கண்மாயைவிட்டுப் போய்விட வேண்டும். இன்னொரு வழக்கமும் இருந்தது. கோரையில் உட்கார்ந்தவர் மற்றவர்களைத் தேடி இறங்கி வரக்கூடாது. சேதி இருந்தால் மற்றவர்கள்தான் மரத்தடிக்கு வர வேண்டும். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியவில்லை. வழக்கத்தை ஏற்படுத்தியவர் பெயர் யாருக்குத்தான் தெரிகிறது?

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மீன் அற்றுப்போனது. கூழைக்கடாப் பெரியவர் பெரிய உடம்புக்காரர், பசி தாங்கமாட்டார். வேறு தண்ணீர் தேடிக் கிளம்பிவிட்டார். கிளம்புகிற அன்று, "இனிமே கோரைக்கு யாரு?" என்று கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் ஆள்காட்டி பெயரைச் சொன்னார்கள்.

அவள் பதறிப்போனாள். "எனக்கு ஆளப் பாக்கத்தான் தெரியும், பெரியவரே. நாயம் சொல்லவும் எடம் பிரிச்சுக் குடுக்கவும் எனக்கு எங்க தெரியும்?"

பெரியவர் சிரித்தார். தாடைப் பை குலுங்கியது. "எனக்கு மட்டும் தெரிஞ்சா செஞ்சேன்? இத்தன வருசத்துல ஏன்னு ஒருத்தன் கேக்கலையே. பேசாம ஒக்காந்து சொல்லு தாயி, நடக்கும்."

சொல்லிவிட்டு அவர் பறந்துபோனார். ஆள்காட்டி உச்சிக் கிளையிலிருந்து கவட்டைக்கு வந்து, தட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாளே நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி வந்து நின்றது. கிழக்கு மூலையில் சேறு காய்ந்துவிட்டதாம், மேற்கு மூலைக்குப் போகலாமா என்று கேட்டது.

"தெரியலையே. இரு, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று ஆள்காட்டி சிறகை விரித்தாள்.

நாமக்கோழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க இது? கோரைக்காரி எறங்கலாமா? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஆள்காட்டி விரித்த சிறகை மடக்கிக்கொண்டாள். இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். "சரி, போங்க" என்றாள். நாமக்கோழிக் கூட்டம் மேற்கே போனது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அப்படியே பழகிவிட்டது. தினமும் யாராவது வருவார்கள். அவள் மேலேயிருந்து பார்த்து ஒன்று சொல்லுவாள், அதன்படி நடக்கும். எல்லோரும் செய்வதால்தான் அது நடந்தது. அவளுக்கோ, தான் சொன்னது சரியாக இருப்பதால்தான் நடக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்த இடத்தில் உட்கார்ந்த யாருக்கும் நாலு நாளில் அப்படித்தான் தோன்றும்.

புரட்டாசி பிறந்தது. அடைகாக்கும் காலம். போன வருஷம் முட்டைகளுக்குப் பெரிய சேதம். ஆளுக்கொரு மூலையில் கூடு கட்டியதில் கீரி பாதியும் பாம்பு பாதியும் தின்றுவிட்டன. ஆள்காட்டி ஒருத்தி எத்தனை மூலையைப் பார்ப்பாள்? இரவெல்லாம் யோசித்துவிட்டு, விடிந்ததும் எல்லோரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டாள்.

கண்மாயின் நடுவே ஒரு வண்டல் திட்டு இருந்தது. சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்ததால் கீரி வராது. மரத்திலிருந்து பார்த்தால் திட்டு முழுக்க ஒரே பார்வையில் தெரியும்.

"இந்த வருசம் எல்லாரும் திட்டுலதான் கூடு கட்டணும்" என்றாள் ஆள்காட்டி. "ஒருத்தர் பாக்கியில்லாம. அப்பத்தான் ஒரு முட்டகூட சேதமில்லாம என்னால பாத்துக்க முடியும்."

உண்மையிலேயே அவர்கள் நன்மைக்காகத்தான் அதைச் சொன்னாள். எல்லோருக்கும் சந்தோஷம். முக்குளிச்சி மட்டும் மரத்தடியைவிட்டு நகரவில்லை.

முக்குளிச்சிக்குப் போன வருஷம் ஒரு குஞ்சுகூடத் தங்கவில்லை. இந்த வருஷம் வயிற்றில் மூன்று முட்டை இருந்தது. அவர்கள் ஜாதியில் தரையில் கூடு கட்டுகிற வழக்கமே கிடையாது. அல்லிக் கொடியையும் பாசியையும் இழுத்துப்போட்டுத் தண்ணீர்மேல் மிதக்கிற மாதிரி கட்டுவார்கள். கோரைக்காரி ஆனபிறகு அக்காவை அவள் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டாள்.

"அக்கா, திட்டு வேணாங்கக்கா. இந்தத் தடவ நத்தைக எல்லாம் முட்டய கோரைத் தண்டோட உச்சியில கொண்டுபோயி ஒட்டியிருக்குதுக. தண்ணி ஏறப்போகுதுன்னு அர்த்தம். என் கூடு மெதக்குற கூடு, தண்ணி ஏறுனா அதுவும் ஏறும். மத்தவங்களுக்கும் கரையோரம் மேட்டுல எடம் குடுங்க."

ஆள்காட்டி வானத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை. "தண்ணியா? எங்கிட்டிருந்து?"

"அது எனக்குத் தெரியல. நத்த பொய் சொல்லாது. திட்டு நீங்க நெனைக்குற உசரம் இல்லக்கா. ஓரமெல்லாம் பொதபொதன்னு இருக்கு. ஒரு நட எறங்கி வந்து பாருங்க."

"இங்க இருந்தே தெரியுதே. நல்ல மேடாத்தான் இருக்கு."

மேலேயிருந்து பார்த்தால் மேடும் பள்ளமும் ஒன்றாகத்தான் தெரியும். எருமையின் ஆறு காலும் மேலேயிருந்து தெரிந்திருக்காது. அந்த நிமிஷம் ஆள்காட்டிக்கு அந்த எருமை நினைவுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. மரத்தடியில் இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். நாமக்கோழி வேறு, "உத்தரவு குடுத்தப்பறம் என்னம்மா பேச்சு?" என்று முணுமுணுத்தது.

"ஒனக்கு மட்டும் ஒரு நாயம் சொன்னா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க" என்றாள் ஆள்காட்டி. குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. "சொன்னா சொன்னதுதான். போயி வேலையப் பாரு."

முக்குளிச்சியின் வீட்டுக்காரனுக்குக் கோபம் வந்தது. "போடி, இது ஒண்ணுதான் கண்மாயா? வெளியேறிருவோம். அந்தத் தட்டைக்குப் பயந்து நம்ம பிள்ளைகள மண்ணுல வைக்கணுமா?"

"தட்டைக்குப் பயந்து நான் வைக்கல" என்றாள் முக்குளிச்சி. "அந்தக் குரலுக்காக வைக்கிறேன். எறங்கிப் பாக்காம அக்கா ஒண்ணு சொல்லமாட்டா. நமக்குத் தெரியாம எப்பவோ வந்து பாத்துட்டுப் போயிருப்பா. நமக்குத்தான் ஏதோ புரியல."

இரண்டு பேரும் அல்லி படர்ந்த தண்ணீரைவிட்டுத் திட்டில் ஏறினார்கள். தண்ணீரில் அம்புபோலப் போகிறவர்களுக்குத் தரையில் நடக்க வராது. தடுக்கித் தடுக்கி விழுந்து, திட்டின் ஓரத்தில் கொஞ்சம் பாசியைப் பரப்பி, அதில் மூன்று முட்டையும் இட்டாள்.

இருபது நாள் போயிற்று. கீரி வரவில்லை. பாம்பு இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் ஆள்காட்டி மேலேயிருந்தே பார்த்துவிட்டுக் கத்தினாள், எல்லோரும் சேர்ந்து விரட்டிவிட்டார்கள். திட்டு நிறைய முட்டைகள். கோரைக்காரியை எல்லோரும் மெச்சினார்கள். அவளும் மருத மரத்தின் உச்சியில் நான்கு முட்டை இட்டிருந்தாள். காவல்காரி மேலே இருந்தால்தானே காவல் என்று, அவள் முட்டை ஏன் திட்டில் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

முக்குளிச்சியின் முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. காதை முட்டை ஓட்டோடு ஒட்டிவைத்துக் கேட்டால் 'டிக் டிக்' என்று உள்ளேயிருந்து குஞ்சு கொத்துவது கேட்கும். இன்னும் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் என்று வீட்டுக்காரனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அன்று காலையிலும் வானம் பளிச்சென்றுதான் இருந்தது. மழை பெய்தது இங்கே இல்லை, மேற்கே மலையில். முந்தின நாள் முழுக்கப் பெய்திருக்கிறது. அந்தத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, கண்மாயின் வரத்துக் கால்வாயில் திரும்பி, செம்மண் நிறத்தில் சுருண்டுகொண்டு வந்தது. ஆள்காட்டி பார்த்தபோது அது கண்மாயின் வாய்க்கு வந்துவிட்டது.

அவள் கத்தினாள். அதுவரை அப்படி அவள் கத்தியதே இல்லை.

சொன்னபடி அத்தனை பறவையும் ஒன்றாக எழும்பியது. ஒருவர் பிந்தவில்லை, ஒருவர் ஏன் என்று கேட்கவில்லை. அவள் குரலுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. ஆனால் முட்டைக்குச் சிறகில்லை. வானம் நிறையப் பறவைகள் சுற்றிக்கொண்டிருக்க, கீழே திட்டின் நான்கு ஓரமும் கரைந்து, நடுவில் சுருங்கி, ஒரு கை அளவாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று.

எழும்பாதவர்கள் இரண்டே பேர்தான். முக்குளிச்சி கிடைத்த பாசியையெல்லாம் இழுத்து முட்டைகளுக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரன் முங்கி முங்கிக் கொடியைப் பிடுங்கிக் கொடுத்தான். கூடு மிதக்கிற அளவுக்குப் பாசி சேரவில்லை. ஒரு முட்டை உருண்டு விழுந்தது. முங்கினாள். கலங்கல் தண்ணீரில் கண் தெரியவில்லை. மேலே வந்தபோது மற்ற இரண்டும் இல்லை. அவள் மறுபடி முங்கினாள், மறுபடி முங்கினாள். வெயில் உச்சிக்கு வரும்வரை முங்கிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் கண்மாய் நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தது. அத்தனை தண்ணீரும் ஒரு வருஷமாக எல்லோரும் ஏங்கிய தண்ணீர்தான். பறவைகள் மரத்தடிக்கு வந்து நின்றன. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆள்காட்டிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நாமக்கோழி தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

எல்லோருக்கும் பின்னாலிருந்து முக்குளிச்சி தட்டுத் தடுமாறி முன்னே வந்தாள். உடம்பெல்லாம் சேறு. மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அன்றைக்குப் பழையபடி 'நீ' என்றே கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எறங்கிப் பாத்தியா?"

ஆள்காட்டி திட்டு இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"எங்களுக்குத் தெரியாமயாவது ஒரு நட வந்திருப்பேன்னு நெனச்சேன். வந்துட்டுத்தான் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். வந்து பாத்தும் இப்படி ஆயிருந்துச்சுன்னா சொல்லிரு. தலையெழுத்துன்னு நான் போயிருறேன். எறங்கிப் பாத்தியா?"

"இல்ல" என்றாள் ஆள்காட்டி.

முக்குளிச்சி தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து உச்சிக் கிளையில், தன் நான்கு முட்டைக்குள்ளிருந்தும் குஞ்சுகள் கொத்துகிற சத்தம் ஆள்காட்டிக்குக் கேட்டது. கண்மாய் முழுக்க உயிரோடு இருந்த முட்டைகள் அந்த நான்குதான். அவள் விடியும்வரை அழுதாள். கண்ணைச் சுற்றிச் சிவந்து தடித்துப்போய்விட்டது.

காலையில் கவட்டையிலிருந்த கோரைத் தட்டையைப் பிடுங்கிக் கீழே கொண்டுவந்து வைத்தாள். "யாராச்சும் எடுத்துக்கங்க" என்றாள். யாரும் எடுக்கவில்லை. காற்றில் உருண்டு தண்ணீரில் விழுந்து அது எங்கேயோ போய்விட்டது. அப்புறம் அவள் மேலே போய்த் தன் முட்டைகளை ஒவ்வொன்றாகக் காலில் பற்றிக் கொண்டுவந்தாள். எல்லோரும் நடக்கிற பாதையில், கரைச் சரிவில், கூடு என்று ஒன்று இல்லாமல் சரளைக் கல்லில் வைத்தாள்.

நாமக்கோழிக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்கு இப்படி? மாடு மிதிச்சிரும். நாலும் போயிரும்."

"போனா போகட்டும்" என்றாள் ஆள்காட்டி. "அடுத்தவங்க முட்டைய எங்க வைக்கச் சொன்னேனோ, அங்க என் முட்டையும் இருந்திருந்தா நான் எறங்கிப் பாத்திருப்பேன்."

அவள் அப்புறம் மரம் ஏறவே இல்லை. கிளையைப் பற்றுவதற்கென்று இருந்த பின்விரல் சும்மா கிடந்து கிடந்து சூம்பிப்போனது. அவள் பிள்ளைகளுக்கும் அப்படியே. கண்மாய்ப் பறவைகள் இன்றும் அவள் குரலுக்குத் தலையைத் தூக்குகின்றன. ஆனால் தூக்கியதும் பறப்பதில்லை, கழுத்தை நீட்டி ஒரு தடவை தாங்களே பார்த்துவிட்டுத்தான் பறக்கின்றன. முக்குளிச்சியின் வம்சமும் குஞ்சு பொரித்தவுடன் அதைத் தண்ணீரை நம்பிக்கூட விடுவதில்லை, முதுகில் ஏற்றிக்கொண்டுதான் திரிகிறது.

நீங்கள் கண்மாய்க் கரையில் நடக்கும்போது ஒன்று தலைக்குமேல் வந்து விடாமல் கத்துமே, அது உங்களை விரட்டுவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சாயங்காலம் தன்னிடம் கேட்கப்பட்டு, தன்னால் 'ஆமாம்' என்று சொல்ல முடியாமல் போன அந்தக் கேள்வியை, மரத்தைவிட்டு இறங்கிய அந்த நாளிலிருந்துதான் ஆள்காட்டி போகிற வருகிற எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது: "எறங்கிப் பாத்தியா? எறங்கிப் பாத்தியா?"